போப்ஜிகா பள்ளத்தாக்கில் நாலு இரவு: குமரி மாவட்டத்திலிருந்து பூட்டான் போகிறவர்களுக்கு

தொட்டபெட்டா உச்சியின் உயரம் 2,637 மீட்டர். பூட்டானில் இருக்கும் போப்ஜிகா பள்ளத்தாக்கின் தரையே சுமார் 2,900 மீட்டர். பள்ளத்தாக்கு என்றதும் கீரிப்பாறை, காளிகேசம் போல மலையடிவாரத்து ஆற்றங்கரை ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு கிளம்பினால், முதல் இரவே தலைவலியும் நடுக்கமுமாகப் படுத்துவிடுவீர்கள். கடல் மட்டத்தில் வளர்ந்த உடம்பு நம்முடையது. அதை மெதுவாக மேலே ஏற்ற வேண்டும். குளிருக்கும் சாப்பாட்டுக்கும் முன்பே வழி செய்துவிட வேண்டும். இந்த இரண்டையும் சரியாகச் செய்தவர்களுக்குப் போப்ஜிகா போல ஓய்வு தரும் ஊர் அபூர்வம்.

அகன்ற புல்வெளி, நடுவே வளைந்து வளைந்து ஓடும் ஓடை, ஓரங்களில் உருளைக்கிழங்குத் தோட்டம், மரவேலை செய்த ஜன்னல்களோடு வெள்ளைச் சுவர் வீடுகள், அதற்கு மேலே பைன் காடு. இவ்வளவுதான் ஊர். குளிர்காலத்தில் வந்து தங்கும் கருங்கழுத்துக் கொக்குகள் பறக்கும்போது அடிபடக் கூடாது என்று மின்கம்பிகளை மண்ணுக்கடியில் பதித்திருக்கிறார்கள். அதனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கம்பமும் கம்பியும் குறுக்கே வராது.

எத்தனை நாள், எந்த மாதம்

பெரும்பாலான சுற்றுலாத் திட்டங்களில் போப்ஜிகாவுக்கு ஒரே ஓர் இரவுதான் ஒதுக்குகிறார்கள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல மாலையில் வந்து, இருட்டில் சாப்பிட்டு, விடிந்ததும் படம் பிடித்துவிட்டு ஓடுவது அது. வந்த அன்று உடம்பு பயணக் களைப்பில் இருக்கும், மறுநாள்தான் மூச்சு சீராகும். எனவே மூன்று இரவுக்குக் குறைவாக இந்த ஊருக்குப் போக வேண்டாம். நாலு இரவு சரியான அளவு.

அக்டோபர் கடைசி வாரம் முதல் நவம்பர் நடுப்பகுதி வரை முதல் தேர்வு. வானம் தெளிந்திருக்கும், கொக்குகள் வரத் தொடங்கியிருக்கும், குளிரும் தாங்கக்கூடியதாக இருக்கும். நவம்பர் 11 அன்று கங்தே மடாலய முற்றத்தில் கொக்குத் திருவிழா நடக்கிறது. 1998 முதல் நடப்பது. அன்று அறை கிடைப்பது கஷ்டம், அமைதியும் இருக்காது. ஓய்வுதான் நோக்கம் என்றால் அந்தத் தேதிக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள்.

அரையாண்டு விடுமுறையை நம்பி டிசம்பர் கடைசியில் போகிறவர்கள் நம் மாவட்டத்தில் அதிகம். அப்போது கொக்குகள் நிறைய இருக்கும். ஆனால் இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், குழாய்த் தண்ணீர் உறைந்து நிற்கும். சின்னக் குழந்தைகளும் எழுபது தாண்டியவர்களும் உடன் வந்தால் டிசம்பர் வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் கொக்கு இருக்காது, ஆனால் மலைச்சரிவெல்லாம் ரோடோடென்ட்ரான் பூத்துக் கிடக்கும், குளிர் பாதிதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையில் மண் சரிந்து சாலை அடைபடும். அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

காகிதங்கள்

இந்தியர்களுக்கு விசா இல்லை, நுழைவு அனுமதிச் சீட்டு போதும். அதற்கு ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும், அல்லது வாக்காளர் அடையாள அட்டை. ஆதார் செல்லாது. எல்லை வரை வந்த பிறகு ஆதாரை நீட்டிவிட்டுத் திகைத்து நிற்கிறவர்கள் உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழின் அசல் வேண்டும், கூடவே பெற்றோரில் ஒருவர் இருக்க வேண்டும். பேரப்பிள்ளையைத் தாத்தா பாட்டி மட்டும் கூட்டிப்போவதாக இருந்தால், அப்பா அம்மா கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தையும் அவர்களுடைய அடையாள அட்டை நகலையும் ஆங்கிலத்தில் கொண்டுபோங்கள்.

நம் பெயர்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்திருக்கும், வாக்காளர் அட்டையில் இனிஷியல் மட்டும் இருக்கும், ரயில் டிக்கெட்டில் வேறொரு மாதிரி இருக்கும். எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே அனுமதி விண்ணப்பத்திலும் தங்குமிடப் பதிவிலும் எழுதுங்கள். ஒரே பயணத்தில் இரண்டு அட்டைகளை மாற்றி மாற்றிக் காட்ட வேண்டாம்.

அனுமதிக்கு முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பித்துவிடுவது நிம்மதி. எல்லை ஊரான புன்ட்ஷோலிங்கில் நேரில் எடுப்பதானால், வார இறுதியிலோ பூட்டான் அரசு விடுமுறை நாளிலோ போய் நிற்காதபடி தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டானில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் அரசுக்குக் கட்ட வேண்டிய நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் இந்தியர்களுக்குத் தலைக்கு 1,200 ரூபாய். 6 முதல் 12 வயது வரை பாதி, ஆறு வயதுக்குக் கீழே இல்லை. அறை வாடகை, சாப்பாடு, கார் எல்லாம் இதற்கு மேல். உதாரணமாக அப்பா, அம்மா, பத்து வயதுப் பிள்ளை, நாலு வயதுப் பிள்ளை என்றால் ஓர் இரவுக்கு 3,000 ரூபாய், ஏழு இரவுக்கு 21,000 ரூபாய். முதல் இரவையும் கடைசி இரவையும் எல்லைக்கு இந்தப் பக்கம் ஜெய்காவில் கழித்தால் அந்த இரண்டு இரவுக்கும் இந்தக் கட்டணம் வராது.

திம்பு, பாரோ இரண்டையும் தாண்டிப் போக உரிமம் பெற்ற வழிகாட்டி உடன் வர வேண்டும். போப்ஜிகா அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. வழிகாட்டியும் காரும்தான் இந்தப் பயணத்தில் பெரிய செலவு. இரண்டு குடும்பமாகச் சேர்ந்து போனால் கையைக் கடிக்காது. பதிவு செய்யும்போதே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "நாலு நாளும் ஒரே வீட்டில் இருப்போம், தினமும் கார் வேண்டாம்." சொல்லாவிட்டால் அவர்கள் வழக்கப்படி ஊர் ஊராகச் சுற்றும் திட்டத்தைத்தான் போட்டுத் தருவார்கள்.

கன்னியாகுமரியிலிருந்து எல்லை வரை

நம் மாவட்டத்துக்கென்று ஒரு வசதி இருக்கிறது. 2011-இல் தொடங்கிய திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ், நாட்டிலேயே மிக நீண்ட தூரம் ஓடும் ரயில், கன்னியாகுமரியில்தான் புறப்படுகிறது. நாகர்கோவிலில் ஏறிப் படுத்தால் வண்டி மாறாமல் வடக்கு வங்காளம் போய்ச் சேரலாம். சுமார் இரண்டரை நாள். நியூ ஜல்பைகுரியில் இறங்கினால் ஜெய்காவுக்குக் காரில் நாலைந்து மணி நேரம். இன்னும் கொஞ்சம் தள்ளி நியூ கூச்பெஹாரில் இறங்கினால் இரண்டு, இரண்டரை மணி நேரம்தான். இந்தப் பயணத்துக்கு இரண்டாவதுதான் நல்லது.

முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், திறந்த அன்றே எடுத்துவிடுங்கள். இத்தனை தூரம் ஓடும் வண்டி சில மணி நேரம் தாமதமாவது சாதாரணம். நள்ளிரவு கடந்தோ விடியற்காலையிலோ இறங்கும்படியும் ஆகலாம். ஆகையால் இறங்கும் நாளிலேயே திம்புவுக்குக் காரைச் சொல்லிவைக்காதீர்கள். அன்று ஜெய்காவில் குளித்து, உறங்கி, மறுநாள் காலை எல்லை தாண்டுங்கள்.

விமானம் என்றால் திருவனந்தபுரத்திலிருந்து சென்னை, பெங்களூர், கொல்கத்தா, டெல்லி ஏதாவது ஒன்றில் மாறி பாக்டோக்ரா, அங்கிருந்து காரில் ஜெய்காவ். கொல்கத்தாவிலிருந்தோ டெல்லியிலிருந்தோ நேரே பாரோவுக்குப் பறக்கவும் செய்யலாம். பாரோ மலைகளுக்கு நடுவே இருக்கும் விமான நிலையம். பகல் வெளிச்சத்தில், பார்வை தெளிவாக இருந்தால்தான் இறக்குவார்கள். திரும்பும்போது அடுத்த விமானத்தை அதே நாளில் நெருக்கமாகப் போட்டுவைக்க வேண்டாம்.

ஏறும் முறை

கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம்.

1. ஜெய்காவ், ஓர் இரவு. புன்ட்ஷோலிங்கை ஒட்டிய ஊர், உயரம் 300 மீட்டர்தான்.
2. திம்பு, இரண்டு இரவு. சுமார் 2,300 மீட்டர். எல்லையிலிருந்து ஐந்தாறு மணி நேர வளைவுச் சாலை.
3. போப்ஜிகா, நாலு இரவு.
4. இறங்கும் வழியில் புனாகா, ஓர் இரவு. 1,200 மீட்டர்.
5. மறுநாள் விடியற்காலையில் கிளம்பி ஜெய்காவ்.

திம்புவில் இரண்டு இரவு எதற்கு என்று கேட்பார்கள். உயரம் ஏற ஏறக் காற்றில் பிராணவாயுவின் அழுத்தம் குறைகிறது. உடம்பு வேகமாக மூச்சு வாங்கி அதைச் சரிக்கட்டப் பழக வேண்டும், அதற்கு ஓரிரு நாள் ஆகும். இந்த இரண்டு நாளும் சாதாரணமாக நடந்தால் போதும். மாடிப்படியை ஓடி ஏறுவது, முதல் நாளே மது குடிப்பது இரண்டும் வேண்டாம். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். நம் ஊரில் வியர்வை ஒழுகுவதால் தண்ணீர் ஞாபகம் வரும். அங்கே வியர்வை தெரியாது, ஆனால் வறண்ட காற்றில் மூச்சு வழியாகவே உடம்பு நீரை இழக்கும்.

ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் புறப்படும் முன் தங்கள் மருத்துவரிடம் உயரத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். "மலை ஊர்" என்று மட்டும் சொன்னால் அவர் கொடைக்கானலை நினைத்துக்கொள்வார். "2,900 மீட்டரில் நாலு இரவு தூங்கப் போகிறேன்" என்று சொல்லுங்கள்.

திம்புவிலிருந்து போப்ஜிகாவுக்குக் காலை எட்டு மணிக்குள் கிளம்புங்கள். 3,100 மீட்டரில் டோச்சு லா கணவாய், அங்கே 108 சிறு ஸ்தூபிகள். பிறகு 1,300 மீட்டரில் இருக்கும் வாங்டூ வரை சரசரவென்று இறக்கம். மறுபடியும் ஏறி 3,300 மீட்டரைத் தாண்டும் லாவா லா கணவாய், அங்கிருந்து இறங்கினால் போப்ஜிகா. ஒரே நாளில் இவ்வளவு ஏற்ற இறக்கம் இருப்பதால் காது அடைக்கும், வளைவில் வாந்தி வரும். வயிறு காலியாகவும் வேண்டாம், முட்டவும் வேண்டாம். வாந்தி வருகிறவரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள், கைப்பேசியைப் பார்க்க விடாதீர்கள். மதியச் சாப்பாட்டை வாங்டூவில் முடித்துவிடுங்கள். குளிர்காலத்தில் மாலைக்கு மேல் லாவா லாவில் பனிமூட்டமும் சாலையில் உறைபனியும் இருக்கும். பகல் மூன்று மணிக்குள் பள்ளத்தாக்கில் இறங்கிவிட வேண்டும்.

முதல் இரவு லேசான தலைவலியும் அரைகுறைத் தூக்கமும் பலருக்கு வரும், ஒரு நாளில் போய்விடும். தலைவலியோடு வாந்தியும் சேர்ந்து, நடையும் தள்ளாடினால், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வழிகாட்டியை எழுப்பிக் காரில் வாங்டூவுக்கு இறங்குங்கள். பாதிக்கு மேல் உயரம் குறைந்துவிடும், மருத்துவமனையும் அங்கே இருக்கிறது. இறங்குவதுதான் மருந்து. மாத்திரை அதற்கு அடுத்தபடி.

வீடு பார்ப்பது

போப்ஜிகாவில் ஹோட்டலும் உண்டு, விவசாயி வீட்டில் தங்கவும் வழி உண்டு. ஓய்வுக்கு இரண்டாவதையே சொல்வோம். மடாலயம் இருக்கும் கங்தே மேட்டில் காட்சி நன்றாக இருக்கும், காற்றும் அதிகம். கீழே தபிதிங், செம்சுபாரா பக்கம் வீடுகள் புல்வெளியை ஒட்டியிருக்கும், கொக்குச் சத்தம் படுக்கைக்கே கேட்கும்.

பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை: புகாரி என்கிற விறகடுப்பு படுக்கையறையில் இருக்கிறதா, கூடத்தில் மட்டுமா? விறகுக்குத் தனிக் காசா? கழிப்பறை அறையோடு சேர்ந்ததா, முற்றம் தாண்டிப் போக வேண்டுமா? சுடுதண்ணீர் எப்போது கிடைக்கும்? வாடகையில் இரண்டு வேளைச் சாப்பாடு அடக்கமா? வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் இடம் உண்டா? முட்டுவலி உள்ளவர்கள் இன்னொன்றும் கேளுங்கள்: படுக்கும் அறை எந்த மாடியில்? பழைய பூட்டான் வீடுகளின் மரப்படி, பரண் ஏணி போலச் செங்குத்தாக இருக்கும். இரவில் இரண்டு தடவை எழும் பெரியவர்களுக்கு அது ஆபத்து. காலை வெயில் விழும் பக்கத்து அறையாகக் கேட்டு வாங்குங்கள். பகல் முழுக்க அந்த ஒரு வெயில்தான் உங்கள் போர்வை.

புகாரியைப் பற்றி

இது ஒரு தகரப் பெட்டி அடுப்பு. புகை போகக் குழாய் கூரை வழியே வெளியே போகும். பற்றவைப்பதை முதல் நாள் வீட்டுக்காரரிடம் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். குழாயில் இருக்கும் தடுப்புத் தகட்டை முழுதாகத் திறக்க வேண்டும். அடியில் பைன் சிராய் ஒரு கைப்பிடி, அதன்மேல் விரல் கனத்தில் சுள்ளி, பிடித்த பிறகு பிளந்த விறகு இரண்டு. கதவை மூடிவிட்டால் ஐந்து நிமிடத்தில் தகரம் கணகணவென்று ஆகிவிடும். கட்டைகளைத் திணித்தால் சூடு கூடாது, புகைதான் கூடும். அரை மணிக்கு ஒரு கட்டை போதும். சாக்ஸ் காயட்டும் என்று குழாய்மேல் போடாதீர்கள், எரிந்துவிடும். குழந்தை இருந்தால் அடுப்பைச் சுற்றி நாற்காலிகளை நிறுத்தி வேலி போடுங்கள்.

படுக்கப் போகும்போது நெருப்பைத் தணியவிட்டு, ஜன்னலை இரண்டு விரல்கடை திறந்து வையுங்கள். குளிர் உள்ளே வருமே என்று நம்மவர்கள் ஜன்னல் இடுக்கில்கூடத் துணியை அடைப்பார்கள். அப்படி அடைத்த அறையில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது. கரிச்சட்டியை அறைக்குள் வைத்துத் தூங்கவே கூடாது. ஓர் அடையாளத்தை ஞாபகத்தில் வையுங்கள்: அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம் என்றால் அதை உயரத்தின்மேல் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள். கதவைத் திறந்து அத்தனை பேரும் வெளியே வாருங்கள்.

உடுப்பில் பருத்தி வேண்டாம். ஜீன்ஸும் பனியனும் ஒருமுறை ஈரமானால் அங்கே காயாது, ஈரத்தோடு குளிரை உடம்பில் ஒட்டவைக்கும். உள்ளே தெர்மல், நடுவே கம்பளி ஸ்வெட்டர், வெளியே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு. குல்லா, கையுறை, கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி. ஜாக்கெட்டுக்காக நாகர்கோவிலில் அலைய வேண்டாம், ஜெய்காவ் கடைத்தெருவில் கிடைக்கும். நம் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைகிற சரக்கு, அங்கே கல்லாகிவிடும். குப்பியில் ஊற்றிக் கொண்டுபோனால் வெளியே வராது, வாய் அகன்ற சின்ன டப்பாவில் கொண்டுபோனால் விரலால் வழித்து உதட்டுக்கும் கன்னத்துக்கும் பூசலாம். அந்த வறண்ட காற்றுக்கு அது மிக நல்லது.

சாப்பாடு

சிவப்பரிசிச் சோறு பழகிய வாய்க்குப் பூட்டானில் கஷ்டமில்லை, அங்கேயும் சிவப்பரிசிதான். ஆனால் 2,900 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் சோறும் பருப்பும் வேக நேரம் பிடிக்கும், அதனால் எல்லா வீட்டிலும் குக்கர் இருக்கும். பசித்த பிறகு சொல்லாமல், சாப்பிடும் நேரத்தை இரண்டு மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள்.

முக்கியக் கறி எமா தட்சி. எமா என்றால் மிளகாய், தட்சி என்றால் பாலாடைக்கட்டி. மிளகாய் அங்கே காய்கறி, நாம் வெண்டைக்காய் போடுகிற அளவுக்கு மிளகாயைப் போடுவார்கள். காரம் நமக்குப் பழக்கம்தான் என்று முதல் நாளே தட்டு நிறைய வாங்கினால் வயிறு தாங்காது. உருளைக்கிழங்கு போட்ட கெவா தட்சியில் தொடங்குங்கள். போப்ஜிகா உருளைக்கிழங்குக்குப் பேர்போன ஊர். மரச்சீனிக்கிழங்கைப் புழுங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கிழங்கின் மாவுத்தன்மை உடனே பிடித்துப்போகும்.

மீன் இல்லாமல் சோறு இறங்காது என்கிறவர்கள் மனதைத் தயார்செய்துகொள்ள வேண்டும். பூட்டான் நாட்காட்டியின் முதல் மாதத்திலும் நாலாம் மாதத்திலும் இறைச்சி விற்பனையே கிடையாது. கருவாட்டைக் கட்டிக்கொண்டு போக வேண்டாம். ஜன்னல் மூடிய மரவீட்டில் சுட்டால் நாலு நாளும் மணம் போகாது, வீட்டுக்காரருக்குச் சங்கடம். அதற்குப் பதில் சம்மந்திப்பொடி கால் கிலோ, இஞ்சிக்கறி ஒரு சின்னப் புட்டி, ஏத்தங்காய் சிப்ஸ் அரை கிலோ, முந்திரிக்கொத்து ஒரு டப்பா. முந்திரிக்கொத்து வாரக்கணக்கில் கெடாது, நடக்கும்போது பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம், வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம்.

சுஜா என்கிற வெண்ணெய் டீ வரும். உப்புப் போட்டது. டீ என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றம், சூப் என்று நினைத்துக் குடித்தால் நன்றாக இருக்கும். கோப்பை காலியானால் உடனே நிரப்புவார்கள், போதுமென்றால் நிறைந்த கோப்பையை அப்படியே வைத்துவிடுங்கள். வேண்டாம் என்பதை வாயைக் கையால் மறைத்து "மேஷு மேஷு" என்று சொல்வது அங்கே மரியாதை. வணக்கத்துக்கு "குசுசங்போ லா", நன்றிக்கு "கத்ரிஞ்சே லா". அந்த "லா", நாம் "வாங்க, சொல்லுங்க" என்று முடிப்பதுபோல மரியாதைச் சொல். அதை விட்டுவிட்டுப் பேசினால் அதட்டுவதுபோல இருக்கும். பள்ளிப் படிப்பு ஆங்கிலத்தில்தான் என்பதால் வீட்டுப் பிள்ளைகளிடம் ஆங்கிலம் செல்லும்.

பணத்துக்குக் கவலையில்லை. பூட்டான் பணமான நுல்ட்ரமும் நம் ரூபாயும் ஒரே மதிப்பு, இந்திய நோட்டையும் வாங்குவார்கள். 2021 முதல் பீம் யுபிஐயும் செல்கிறது. ஆனால் கிராமத்தில் சிக்னல் போய்விட்டால் யுபிஐயும் போய்விடும், நூறு ரூபாய் நோட்டுகளாகக் கையில் வைத்திருங்கள்.

நாலு நாளும் என்ன செய்வது

வந்த அன்று எதுவும் வேண்டாம். இரண்டாம் நாள் விடியற்காலையில் கொக்குகளைப் பாருங்கள். நம் வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு இல்லை இது. நாலடி உயரம், சாம்பல் உடம்பு, கறுத்த கழுத்து, உச்சந்தலையில் சிவப்புத் திட்டு. திபெத் பீடபூமியில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே இறங்குகின்றன. இரவில் நரி போன்ற விலங்குகளுக்குப் பயந்து ஆழமில்லாத தண்ணீரில் கூட்டமாக நிற்கும். வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் குடும்பம் குடும்பமாக எழும்பிப் புல்வெளிக்குப் போய்க் குட்டை மூங்கிலைக் கிளறும். இரண்டு பெரியது, நடுவில் தலை பழுப்பாக ஒன்று நடந்தால் அது அந்த ஆண்டுக் குஞ்சு.

பார்க்க நல்ல இடம் சாலையோரத்தில் இருக்கும் கருங்கழுத்துக் கொக்குத் தகவல் மையம். தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள், உள்ளே வெதுவெதுப்பாகவும் இருக்கும். சதுப்புக்குள் கால் வைக்காதீர்கள், ட்ரோன் விடாதீர்கள், சிவப்பு மஞ்சள் ஜாக்கெட்டோடு அருகே போகாதீர்கள். ஒரு தடவை பறக்கவிட்டால் அந்தக் குளிரில் அவை இரைக்குச் சேர்த்துவைத்த வலுவை வீணாக்குகின்றன. இந்தப் பள்ளத்தாக்கு 2016-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. நம் சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022-இல் அதே பட்டியலில் சேர்ந்தன. தேரூர்க் குளக்கரையில் பறவை பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் நடை. கங்தே மேட்டிலிருந்து செம்சுபாரா வழியாகப் பைன் காட்டுக்குள் இறங்கிப் புல்வெளியை எட்டும் பாதை ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான், பெரும்பாலும் இறக்கம். காலை ஒன்பதரைக்குத் தொடங்குங்கள், மதியத்துக்கு மேல் காற்று கிளம்பிவிடும். மேட்டில் இருக்கும் கங்தே மடாலயம் 1613-இல் தொடங்கியது. உள்ளே போகும்போது தொப்பியைக் கழற்றுங்கள், முழுக்கை உடுப்பு வேண்டும், சன்னதிக்குள் படம் எடுக்கக் கூடாது. ஸ்தூபியை நம் கோயில் போலவே வலமாகச் சுற்ற வேண்டும்.

அன்று மாலைக்குச் சுடுகல் குளியல் சொல்லிவையுங்கள். தோட்சோ என்பார்கள். காலையிலேயே சொன்னால்தான் நடக்கும், ஏனென்றால் கல் சூடாக இரண்டு மூன்று மணி நேரமாகும். உரித்த தேங்காய் அளவு ஆற்றுக்கற்களை விறகுத் தீயில் போட்டுச் சிவக்கச் சுடுவார்கள். மரத்தொட்டியின் தலைமாட்டில் ஓட்டை போட்ட பலகைத் தடுப்பு ஒன்று இருக்கும். அதற்கு அந்தப்புறம் இடுக்கியால் ஒவ்வொரு கல்லாக இறக்கும்போது தண்ணீர் சீறி எழும்பும், மாசிபத்திரி வகைத் தழையின் கசப்பு மணம் பரவும். சூடு தடுப்பு வழியாக மெல்ல உங்கள் பக்கம் வரும். காலை மட்டும் முதலில் விட்டுப் பார்த்து, அதிகமென்றால் பச்சைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். இருபது நிமிடம் போதும். சட்டென்று எழுந்து நிற்காதீர்கள். வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்திருப்பதால் தலை சுற்றும். விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழும்புங்கள். சாப்பிட்ட உடனும், ஆரா என்கிற ஊர்ச் சாராயம் குடித்த பிறகும் இறங்கக் கூடாது. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் தவிர்த்துவிடுங்கள். வந்த முதல் நாளும் வேண்டாம். குளித்ததும் தலையைத் துவட்டிக் குல்லாவைப் போட்டு நேரே படுக்கைக்குப் போங்கள். அந்த இரவுத் தூக்கத்துக்காகவே இவ்வளவு தூரம் வரலாம்.

நாலாம் நாளை வெறுமனே விடுங்கள். வெயில் திண்ணையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக் கொடுங்கள், மாட்டுக்குப் புல் போடுவதைப் பாருங்கள். ஊர் ஏழு, எட்டு மணிக்கெல்லாம் அடங்கிவிடும். வீட்டுக்காரர் விடியும் முன் எழுகிறவர். ஸ்பீக்கரில் பாட்டு, முற்றத்தில் சத்தமாக வீடியோ அழைப்பு, நள்ளிரவு வரை சீட்டு எதுவும் வேண்டாம். இரவில் ஊர் நாய்கள் குரைக்கும், அதை நிறுத்த முடியாது. தூக்கம் லேசானவர்கள் காதில் வைக்கப் பஞ்சு கொண்டுபோங்கள்.

லீவு குறைவாக இருப்பவர்களுக்கு ஹா பள்ளத்தாக்கு இருக்கிறது. பாரோவிலிருந்து பக்கம், உயரமும் கொஞ்சம் குறைவு. அதற்கும் மேலே சொன்ன ஏறும் முறைதான்.

புறப்படும் காலை, விறகுக்கும் குளியலுக்கும் உள்ள கணக்கை முடித்துவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினால் மதியம் தாண்டிப் புனாகா. அங்கே 1,200 மீட்டரில் காற்று கனமாக இருப்பது மூச்சிலேயே தெரியும், ஜாக்கெட்டைக் கழற்றிவிடலாம். மறுநாள் எல்லையில் அனுமதிச் சீட்டைத் திருப்பிக் காட்டி வெளியேறியதைப் பதிவு செய்ய வேண்டும், எனவே அதைப் பெட்டிக்குள் அடியில் போட்டுவிடாதீர்கள். பூட்டான் நேரம் நம் நேரத்துக்கு அரை மணி முந்தியது. எல்லை தாண்டியதும் கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள். ரயில் டிக்கெட் அதற்கு அடுத்த நாளுக்குத்தான் இருக்க வேண்டும், மழையோ பனியோ சாலையை அரை நாள் மறித்தாலும் விவேக் எக்ஸ்பிரஸைப் பிடித்துவிடலாம்.